பாலியல் தொழிலும் சட்டமும்: சங்கம் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

(ஹட்டனில் நடந்த எமது மகளிர் பிரிவுக் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட உரை)



இந்தத் தலைப்பு நிகழ்ச்சி நிரலில் வந்ததும் சில தோட்டக் கமிட்டிகளிலிருந்து எமக்கு முறைப்பாடு வந்தது. சம்பளம், வீடு, காணி என்று இவ்வளவு பிரச்சினை இருக்கும்போது இந்த அசிங்கத்தை ஏன் பேச வேண்டும் என்று கேட்டார்கள். வயது போன தலைவர் ஒருவர், "எங்கட பிள்ளைகளுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார். அவர் கோபமாகக் கேட்கவில்லை, பயந்துதான் கேட்டார். அந்தப் பயம் எங்களுக்கும் இருக்கிறது. அதனால், சம்பந்தம் என்ன என்பதிலிருந்தே தொடங்குகிறோம்.

சில வருடங்களுக்கு முன்பு எமது உறுப்பினரான தாய் ஒருவர் சங்க அலுவலகத்துக்கு வந்தார். தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டோம், யாரும் ஊகிக்கவும் வேண்டாம். கொழும்பில் வேலை செய்த அவருடைய மகளை இரவில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பொலிஸார் பிடித்துவிட்டார்கள். அடுத்த நாள் நீதிமன்றம். அந்தத் தாய் கேட்டது ஒரு சட்டத்தரணியையும், கூடப் போக சிங்களம் தெரிந்த ஒருவரையும். இருபது வருடமாகச் சந்தா கட்டியவர் அவர்.

நாங்கள் என்ன செய்தோம்? "பிள்ளை அந்தத் தொழில் செய்தாளா, இல்லையா?" என்று கேட்டோம். அந்தத் தாய் பதில் சொல்லவில்லை. தோட்டத்துக்கு வெளியே நடந்த விடயத்துக்குச் சங்கப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று சொல்லி அனுப்பினோம். அப்படி ஒரு விதி எமது யாப்பில் கிடையாது. குடித்துவிட்டுச் சண்டை போட்டு டவுணில் மாட்டிய ஆண் உறுப்பினர்களுக்காக எத்தனை தடவை பொலிஸுக்குப் போயிருக்கிறோம் என்பது இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பிள்ளை தனியாகக் கூண்டில் நின்றாள். ஒத்துக்கொண்டால் நூறு ரூபாவோடு முடியும் என்று யாரோ சொன்னார்கள், ஒத்துக்கொண்டாள். தண்டப் பணம் கட்டி வெளியே வந்தாள். ஊருக்கு வந்தபோது செய்தி அவளுக்கு முன்னமே வந்திருந்தது. பீலிக்கரையில் பேச்சு, கோயிலில் பேச்சு. இரண்டு மாதம்கூட இருக்க முடியாமல் திரும்பவும் கொழும்புக்கே போனாள்.

அவள் அப்பாவி, பொலிஸ் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டது என்று சொல்லி உங்கள் அனுதாபத்தைக் கேட்க நாங்கள் வரவில்லை. அவள் அந்தத் தொழில் செய்தவள்தான். தைத்த ஆடைத் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது வேலை போனது. தங்குமிட வாடகை பாக்கி. தோட்டத்துக்கு மாதாமாதம் அனுப்பிய காசில்தான் தம்பி ஓ.எல். படித்தான். இதையெல்லாம் பிறகு எங்களில் ஒருவரிடம் அவளே சொன்னாள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இலங்கையில் விபசாரம் குற்றம் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் வயது வந்த ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு உடலுறவு கொள்வதே குற்றம் என்று எமது நாட்டுச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை. விடுதி நடத்துவது குற்றம், அதற்கு 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆளைப் பிடித்துக் கொடுப்பதும் கடத்துவதும் தண்டனைச் சட்டக்கோவையில் பெரிய குற்றங்கள். 1995இலும் 2006இலும் செய்த திருத்தங்களால் அந்தப் பிரிவுகள் கடுமையாக்கப்பட்டன. ஆனால் தெருவில் நிற்கிற பெண்ணைப் பிடிப்பதற்குப் பொலிஸ் எடுப்பது வேறொரு சட்டத்தை. அது 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம்.

1841 என்பதைக் கவனியுங்கள். அப்போது தேயிலையே இல்லை. எமது முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்குக் காட்டு வழியாக நடந்து வந்துகொண்டிருந்த காலம். வேலையில்லாமல் திரிகிறவன், பிச்சை எடுக்கிறவன், தெருவில் நிற்கிற விலைமாது என்று ஏழைகளை வகை வகையாகப் பிரித்துத் தண்டிக்க வெள்ளைக்காரன் எழுதிய சட்டம் அது. அதே அரசுதான் பின்பு 1865இல் தொழிலாளர் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டுப் போன கூலியாளைச் சிறையில் போட்டது. ஒன்று நின்றால் குற்றம் என்றது, மற்றது போனால் குற்றம் என்றது. எங்கள் மேல் விழுந்த சட்டத்தைப் போராடி ஒழித்தோம். மற்றது இன்னும் இருக்கிறது. ஆட்களை அழைத்தார் என்று அதன் 7ஆம் பிரிவில் குற்றம் சாட்டினால் நூறு ரூபா அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. நூறு ரூபாவுக்கு இன்று என்ன வாங்கலாம் என்று கடைக்குப் போகிற உங்களுக்குத் தெரியும். அந்தத் தொகை பெரிதல்ல. ஆனால் அந்த நூறு ரூபாவின் பின்னால் பொலிஸ்காரனுக்குக் கொடுக்க வேண்டியது, ஒரு இரவு கூண்டில் இருப்பது, வேலை போவது, பெயர் போவது என்று எவ்வளவோ வருகிறது.

கைப்பையில் ஆணுறை இருந்ததையே சாட்சியாகக் காட்டிப் பிடித்த சம்பவங்களும் உண்டு. எயிட்ஸைத் தடுக்கச் சுகாதார அமைச்சின் ஆட்கள் அதை இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஒரு திணைக்களம் கொடுத்ததை வைத்திருந்ததற்காக இன்னொரு திணைக்களம் பிடிக்கிறது.

அப்படியென்றால் சட்டபூர்வமாக்கிவிடலாமா? இங்கேதான் நாங்களும் பல நாள் தடுமாறினோம். ஏனென்றால் "சட்டபூர்வமாக்கு" என்ற ஒரு சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று ஒத்துவராத பல சங்கதிகள் இருக்கின்றன.

ஒன்று, அனுமதிப்பத்திர முறை. நெதர்லாந்து 2000இல் விடுதிகள் மீதிருந்த தடையை நீக்கி உரிமம் கொடுத்தது. ஜேர்மனி 2002இல் இதை ஒப்பந்தம் செய்யக்கூடிய தொழிலாக ஏற்றது. 2017இல் நடைமுறைக்கு வந்த இன்னொரு சட்டம், ஒவ்வொரு பெண்ணும் பதிவு செய்து அட்டை வைத்திருக்க வேண்டும் என்றது. பெரிய முதலாளிகள் கட்டடம் கட்டி வியாபாரம் நடத்துகிறார்கள். அட்டை எடுத்தவர்களோ, அந்தத் தொழிலில் இருப்பதாக மதிப்பிடப்படும் தொகையில் சிறு பங்குதான். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவள் பதிவுக்குப் போவாளா? வேறு நாட்டிலிருந்து பத்திரம் இல்லாமல் வந்தவள்தான் போவாளா? அட்டை இல்லாதவள் முன்னைவிட மோசமாகத் தரகன் கையில் விழுகிறாள்.

எங்கள் பாட்டன்மாருக்கும் ஒரு அட்டை இருந்தது. அதன் பெயர் துண்டு. ஆளின் கடனை எழுதிய அந்தத் தாள் ஒரு துரையிடமிருந்து இன்னொரு துரைக்குக் கைமாறினால், ஆளும் கைமாறினான். அதை 1921இல்தான் ஒழித்தார்கள். உழைப்பவரின் பெயரில் எழுதி உழைப்பவரைக் கட்டிப்போடுகிற தாள் எப்படிப்பட்டது என்று மற்றவர்கள் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே இந்த முறையை நாங்கள் ஆதரிக்கவில்லை.

இரண்டாவது, சுவீடன் வழி. அங்கே 1999 முதல் விற்கிற பெண் குற்றவாளி இல்லை, வாங்குகிற ஆண்தான் குற்றவாளி. நோர்வேயும் பிரான்சும் பின்பு அதையே செய்தன. கேட்டவுடன் எங்களில் பலர் கைதட்டினோம். இத்தனை காலம் பெண்ணைப் பிடித்தீர்கள், இனி அவனைப் பிடியுங்கள் என்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே அந்தப் பெண்களே சொல்லும் குறை ஒன்றும் உண்டு. வாங்குகிறவன் பயப்படுவதால் இருட்டான இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. வீட்டைக் கொடுத்தவனும் மாட்டிக்கொள்வான் என்பதால் வீட்டுக்காரன் வெளியே போகச் சொல்கிறான். எமது பொலிஸாரின் கையில் இந்தச் சட்டத்தைக் கொடுத்தால் வாங்குகிறவனிடமும் காசு, நிற்கிறவளிடமும் காசு என்று ஆகிவிடாதா என்று ஒரு தோழி கேட்டார். எங்களிடம் நல்ல பதில் இருக்கவில்லை.

மூன்றாவது, நியூசிலாந்து வழி. 2003இல் அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் 60க்கு 59 என்ற வாக்கில், ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், நிறைவேறிய சட்டம் அது. பெண் குற்றவாளி இல்லை, வாங்குகிறவனும் இல்லை. நான்கு பேர் வரை சேர்ந்து, மேலே முதலாளி இல்லாமல், தாங்களே தொழில் செய்தால் உரிமமும் தேவையில்லை. எந்த வாடிக்கையாளனையும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் வாங்குகிறவனுக்கும் நடத்துகிறவனுக்கும் தண்டனை. 2014இல் அங்கே ஒரு பெண், விடுதி நடத்தியவன் தன்னிடம் பாலியல் தொந்தரவு செய்தான் என்று மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போய் 25,000 டொலர் நட்டஈடு பெற்றார். விடுதியில் வேலை செய்கிறவளுக்கு என்ன தொந்தரவு என்று அங்கே யாரும் அந்த வழக்கைத் தள்ளிவிடவில்லை. மலையில் கங்காணி கெட்ட வார்த்தை பேசினால் முறைப்பாடு எழுதக்கூட நாங்கள் எவ்வளவு பாடுபடுகிறோம்!

ஆனால் அந்தச் சட்டத்திலும் ஓர் ஓட்டை. தற்காலிக விசாவில் வந்தவர்கள் அந்தத் தொழில் செய்ய முடியாது, செய்தால் நாடு கடத்தலாம். எமது பெண்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் தற்காலிக விசாவில்தான் போகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

கல்கத்தா சோனாகாச்சியையும் சொல்ல வேண்டும். அது சங்கக் கதை. கந்து வட்டிக்காரர்களிடம் மாட்டியிருந்த அந்தப் பெண்கள் 1995இல் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைக்கப் போனார்கள். குடும்பப் பெண்கள் என்று எழுதிப் பதிவு செய்யுங்கள் என்று சொல்லப்பட்டது. மறுத்துவிட்டார்கள். இருக்கிறபடியே எழுதித்தான் பதிவு வாங்கினார்கள். 2022 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றமும், தன் விருப்பத்தோடு இந்தத் தொழிலில் இருக்கும் வயது வந்த பெண்ணைப் பொலிஸார் துன்புறுத்தக் கூடாது என்று பணித்தது.

இனி அந்தத் தலைவரின் பயத்துக்கு வருவோம். இதைத் தொழில் என்று ஏற்றுக்கொண்டால் நாளைக்குத் தரகன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு லயத்துக்கே வந்து ஆள் எடுப்பானே என்பதுதான் அது. தரகன் இன்றைக்கும் வருகிறான். வீட்டு வேலை, கடை வேலை, ஜோர்தான் வேலை என்று சொல்லிக்கொண்டு வருகிறான். அவனைப் பிடிக்கச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, அதை யாரும் தளர்த்தக் கூடாது, சிறு பிள்ளைகள் விடயத்தில் ஒரு அங்குலமும் தளர்த்தக் கூடாது. ஆனால் அவனைக் காட்டிக்கொடுக்கக்கூடியவள் அவனிடம் மாட்டிய பெண்தான். வாயைத் திறந்தால் தன்னையும் உள்ளே போடுவார்கள் என்றால் அவள் திறப்பாளா?

இது கொழுந்து பறிப்பது போல ஒரு வேலைதான் என்று சொல்ல எங்கள் நா எழவில்லை. எங்களுக்குள்ளேயே இதில் ஒற்றுமை இல்லை. வேலைதான் என்கிற இளம் தோழியரும் இருக்கிறார்கள், அதைக் கேட்டு எழுந்து போன அம்மாமாரும் இருக்கிறார்கள். ஆனால் அவளைப் பிடித்து அடைப்பதால் ஒரு பிள்ளையும் திரும்பி வரவில்லை என்பதில் எல்லோரும் ஒன்றாக இருக்கிறோம். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு எத்தனை வருடம் ரோட்டில் இருந்தோம்! 2021இல் வர்த்தமானியில் வந்த பிறகும், கிலோ குறைந்தால் அரைப் பேர் போடுகிற கணக்கப்பிள்ளை போகவில்லை. அரைப் பேர் விழுகிற மாதத்தில்தான் வீட்டுப் பெண் பிள்ளை கொழும்பு பஸ் ஏறுகிறாள்.

எனவே இன்று பின்னேரம் வாக்கெடுப்புக்கு வரும் தீர்மானத்தில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தை முழுதாக நீக்கும்படி அரசைக் கோருவது முதலாவது. பதிவு அட்டை, உரிமம் என்று எந்த முறையையும் எதிர்ப்பது இரண்டாவது. மூன்றாவது எமது சங்கத்தைப் பற்றியது: உறுப்பினரோ உறுப்பினரின் பிள்ளையோ எந்தக் குற்றச்சாட்டில் பிடிபட்டாலும், செய்தாரா இல்லையா என்று கேட்காமல் சட்டத்தரணியை ஏற்பாடு செய்வது. வாங்குகிறவனைத் தண்டிப்பது பற்றி இரண்டு கமிட்டிகள் திருத்தம் கொடுத்திருக்கின்றன. அதில் நாங்கள் முடிவுக்கு வரவில்லை, நீங்கள் பேசுங்கள்.

தீர்மானம் வென்றாலும் தோற்றாலும், தலைவிமார் இதைத் தோட்டத்தில் சொல்லி வையுங்கள். பிடித்தவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கலாம், அது உரிமை. வாசிக்கத் தெரியாத சிங்களத் தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். நூறு ரூபாவோடு முடியும் என்று யார் சொன்னாலும் சட்டத்தரணியைப் பார்க்காமல் ஒத்துக்கொள்ள வேண்டாம். காசு இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அலுவலகத்துத் தொலைபேசியை இரவில் எடுக்கும் முறைப் பட்டியலில் இதுவரை நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஏழு பேர் வேண்டும். தேத்தண்ணி இடைவேளையில் வாசலில் இருக்கும் கொப்பியில் பெயரை எழுதுங்கள்.