பிரஷர் குளிசை உடம்புக்குள் என்ன செய்கிறது?

(தோட்டத்து மாதர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



கிளினிக் நாட்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "தலைசுத்து நின்னு போச்சு, இனி குளிசை எதுக்கு?" இன்று அதற்குப் பதில் சொல்லப் பார்ப்போம்.

புரதம் என்றதும் நமக்குப் பருப்பும் முட்டையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் உடம்புக்குள்ளே ஆயிரக்கணக்கான புரதங்கள் வேலையாட்களாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, அந்த வேலைக்கேற்ற ஒரு வடிவம்.

அவற்றில் ஒன்று கவ்வாத்துக் கத்தி மாதிரி. இரத்தத்திலே பத்து மணி கோத்த மாலை போல ஒரு பொருள் ஓடுகிறது. இந்தக் கத்திப் புரதம் அதன் நுனியில் இரண்டு மணியை, கொழுந்து கிள்ளுவது போல, நறுக்கிவிடும். மிஞ்சிய எட்டு மணி மாலை இரத்தக் குழாய்களை இறுக்கும். அளவோடு இறுக்கினால் நல்லது. அளவு மிஞ்சினால் பிரஷர் ஏறும்.

இந்தக் கத்தியை மடக்க வழிகாட்டியது ஒரு பாம்பு! பிரேசில் நாட்டில் ஜராராக்கா என்ற விரியன் சாதிப் பாம்பு உண்டு. அது கடித்தால் இரத்த அமுக்கம் சட்டென்று இறங்கிவிடும். 1960களில் பிரேசில் விஞ்ஞானி செர்ஜியோ பெரெய்ரா அந்த விஷத்தை ஆராய்ந்தார். அதிலுள்ள சில பொருட்கள் கத்திப் புரதத்தைத் தடுப்பது பின்னர் தெரியவந்தது. ஆனால் அவற்றை விழுங்கினால் வயிற்றிலே செரித்துப் போகும், ஊசியாகத்தான் ஏற்ற வேண்டும்.

அமெரிக்காவில் குஷ்மன், ஒண்டெட்டி என்ற இரு விஞ்ஞானிகள் வேறு வழி தேடினார்கள். கத்திப் புரதத்தின் வடிவம் அப்போது யாருக்கும் தெரியாது. அதைப் போலவே வேலை செய்யும், மாட்டின் கணையத்துப் புரதம் ஒன்றின் வடிவம் தெரிந்திருந்தது. அதைப் பார்த்து, "நம்ம கத்தியின் வாயிலும் ஒரு துத்தநாக அணு இருக்கும்" என்று கணக்குப் போட்டார்கள். அந்த அணுவைப் பற்றிப் பிடிக்கும்படி கந்தகம் சேர்த்து ஒரு சின்ன மருந்தைச் செய்தார்கள். அதுதான் கப்டோப்ரில். 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பலர் குடிக்கும் எனலாப்ரில் அதன் தம்பி.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். குளிசை கத்தியை ஒடிப்பதில்லை. அதன் வாயை அடைத்து வைக்கிறது, அவ்வளவுதான். மருந்து உடம்பை விட்டுப் போனால் கத்தி மறுபடி வெட்டத் தொடங்கும். தலைசுத்து இல்லாமலே பிரஷர் ஏறி நிற்கும். பாரிசவாதமும் சிறுநீரகக் கோளாறும் வருவது அப்படித்தான். ஆகவே நாமாக நிறுத்தக் கூடாது.

இன்னும் இரண்டு விஷயம். இதே கத்தி வேறொரு பொருளையும் வெட்டுகிறது. அது வெட்டப்படாமல் சேர்வதால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். குளிசையை வீசிவிடாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். லோசார்டன் போன்ற வேறு மருந்து உண்டு. அது கத்தியைத் தொடாமல், எட்டு மணி மாலை போய்ச் சேரும் இடத்தை அடைக்கிறது.

அடுத்தது, இந்த இரண்டு வகை மருந்தும் வயிற்றிலுள்ள பிள்ளைக்குக் கேடு செய்யும். மாமியாரின் குளிசையைக் கர்ப்பிணி மருமகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பிரஷர் குளிசை குடிக்கும் பெண்பிள்ளைகள், பிள்ளை தங்கியதாகத் தோன்றிய அன்றைக்கே கிளினிக்குக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

லயத்துக்குப் போனதும் குளிசைப் பக்கெட்டை எடுத்துப் பாருங்கள். முடியப் போகிறதா? தீர்ந்துபோகும் முன்னே கிளினிக்குக்குப் போவோம்.