டூரின் கோடித்துணி: இழையிலிருந்து தொடங்குவோம்



இயேசுவின் உடலைப் போர்த்தியதாக நம்பப்படும் டூரின் கோடித்துணியைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். நம்பிக்கையோடு வந்தவர்களும் ஐயத்தோடு வந்தவர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். இருவரிடமும் எனக்கு ஒரே வேண்டுகோள்தான். துணி எந்தக் காலத்தது என்பது ஒரு கேள்வி. அதில் மனித உருவம் எப்படிப் பதிந்தது என்பது வேறொரு கேள்வி. ஒன்றின் விடையை மற்றதன் தலையில் கட்டாதீர்கள்.

காலத்தைப் பற்றி என் கருத்தை ஒளிக்கவில்லை. 1988இல் ஆக்ஸ்ஃபோர்டு, சூரிச், அரிசோனா ஆய்வகங்கள் செய்த கரிமக் கணிப்பு 1260க்கும் 1390க்கும் இடைப்பட்ட காலத்தைக் காட்டியது. பிரான்சின் லிரே ஊரில் இத்துணி தலைகாட்டியது 1350களில். 1389இல் துருவா ஆயர் பியேர் தார்சி, இது ஓவியன் கைவேலை என்றே எழுதினார். மாதிரி வெட்டிய மூலை பின்னாளில் ஒட்டுப்போட்டது என்ற வேதியியலாளர் ரேமண்ட் ராஜர்ஸின் வாதத்தை இங்கே பேசத்தான் போகிறோம். ஆனால் 2002இல் துணியைச் சீரமைத்த நெசவு வல்லுநர் மெக்டில்ட் ஃப்ளூரி-லெம்பெர்க் அங்கே ஒட்டு எதையும் காணவில்லை. எனக்கு அது போதும்.

சரி, பதினான்காம் நூற்றாண்டுத் துணி என்றே வைத்துக்கொள்வோம். உருவம் எப்படி வந்தது?

1978இல் அமெரிக்க அறிவியலாளர் குழு ஐந்து நாள் இரவுபகலாகத் துணியை ஆராய்ந்தது. உருவத்தின் வைக்கோல் மஞ்சள், நூலின் முகட்டிலுள்ள மெல்லிழைகளில் மட்டுமே படிந்திருக்கிறது. ஓர் இழைமீது இன்னோர் இழை குறுக்கே கிடந்தால், அடியில் மறைந்த இடம் வெளுப்பாகவே இருக்கிறது. தண்ணீரில் குழைத்த சாயமாக இருந்தால் நூலுக்குள் ஊறியிருக்காதா? பூசிய நிறம் அல்ல, பழைய செய்தித்தாள் பழுப்பதுபோல ஆளிநாரே நிறம் மாறியிருக்கிறது என்று அக்குழு முடிவுகட்டியது. அதே துணியில் ஒட்டுநாடாவால் எடுத்த இழைகளைப் பார்த்த நுண்ணோக்கி வல்லுநர் வால்டர் மெக்ரோனோ செங்காவியும் சாதிலிங்கமும் இருப்பதாகச் சொல்லி, ஓவியம்தான் என்றார். செந்நிறக் கறைகளை ஆய்வாளர்கள் ஹெல்லரும் அட்லரும் இரத்தம் என்றார்கள். பொருள் ஒன்று, தீர்ப்பு இரண்டு. இந்த முடிச்சுக்குத்தான் நம் நேரத்தில் பெரும்பங்கு போக வேண்டும்.

படங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1898இல் செகோந்தோ பியா எடுத்த புகைப்படத்தின் எதிர்த்தட்டில் அந்த முகம் துலங்கியதிலிருந்துதான் இத்தனை பரபரப்பும். துணியின் அருகே போய் நின்றால் உருவம் மங்கிக் கரைந்துவிடும். நாம் திரையில் காட்டும் முகங்களோ ஒளி-நிழல் கூட்டப்பட்டவை. திரையில் படம் போடுகிறவர்கள், எந்தத் தட்டு, எவ்வளவு கூட்டியது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கண்ணில் நாணயம், நெற்றியில் எழுத்து என்று கண்டுபிடித்த கதைகள் ஏராளம். அவற்றுக்கு இங்கே நேரம் ஒதுக்கவில்லை.

உருவத்தைச் செய்துபார்த்த முயற்சியும் உண்டு. 2009இல் இத்தாலிய வேதியியலாளர் லூயிஜி கார்லஸ்கெல்லி, ஆள்மேல் துணியைப் போர்த்தித் தேய்த்து, சூடேற்றி, கழுவி ஒரு நகல் செய்தார். தூரத்திலிருந்து பார்த்தால் அசலைப்போலவே இருக்கிறது. ஆனால் நூல் முகட்டில் நிறம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அசலோடு ஒப்பிட்டால்தான் அந்த முயற்சியை எடைபோட முடியும்.

முதல் அமர்வு நெசவையும் நாரையும் பற்றியது. முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.