முட்டுக்கட்டை போடுறவரைக் கேளுங்க!

(தலைப்பு: அலுவலக ஒற்றுமையை வளர்ப்பது மலையும் காடுமா? விருந்தும் உபசாரமுமா? ‘மலையும் காடுமே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் ஐயா, விருந்துக்காக வரிந்து கட்டிக்கொண்டு வந்திருக்கும் எதிரணி நண்பர்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரர், ‘ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒற்றுமை தானாக வரும்’ என்றார். ஐயா, எங்க ஆபீசிலே மாசம் ஒரு பந்தி உண்டு. அதிகாரிகள் ஒரு வரிசை, நாங்க ஒரு வரிசை. இலையிலே பாயசம் ஓடுச்சு, பேச்சு ஓடலே! (சிரிப்பு)

மலையில் அப்படி இல்லை. ஏற்றத்திலே மேனேஜருக்கும் மூச்சு வாங்கும், பியூனுக்கும் மூச்சு வாங்கும். வழுக்குப் பாறையில் கை கொடுக்கிறவரிடம் யாரும் பதவி கேட்பதில்லை. (கைதட்டல்)

இந்த மாதிரிப் பயிற்சிகளுக்கு ஒரு முன்னோடி உண்டு. 1941ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர். ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த நேரம். லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் கம்பெனிக்காரர் ஒன்றைக் கவனித்தார். கப்பல் மூழ்கினால், கட்டுமஸ்தான இளைஞர்களைவிட வயதான மாலுமிகள் அதிகம் பிழைத்து வருகிறார்கள்! குர்ட் ஹான் என்ற கல்வியாளரும் அவரும் சேர்ந்து, வேல்ஸ் நாட்டின் அபர்டோவி என்ற கடற்கரை ஊரில் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளியைத் தொடங்கினார்கள். அங்கே புஜபலத்தை மட்டும் வளர்க்கவில்லை. மன உறுதியையும் பக்கத்து ஆளோடு சேர்ந்து நிற்பதையும் வளர்த்தார்கள்.

ஆனால் நடுவர் ஐயா, என் அணிக்கே நான் ஒரு உண்மையைச் சொல்லியாகணும்.

எங்க கம்பெனியிலே ஒரு வருஷம், இருபத்தஞ்சு வயசுப் பிள்ளைங்க நாலு பேர் கமிட்டி. ‘பாறை ஏறுவோம், கயிற்றில் இறங்குவோம்’னு முடிவு பண்ணிட்டாங்க. நோட்டீஸ் அடியிலே ஒரு வரி: ‘அனைவரும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும்.’ கணக்குப் பிரிவிலே ஒரு அண்ணன். வயசு ஐம்பத்து மூணு. நாலு மாசத்துக்கு முன்னாலே இருதயத்திலே ஸ்டென்ட் வெச்சவர். எங்களுக்குத் தெரியாது. பாதி ஏற்றத்திலே வேர்த்துக் கொட்டி உட்கார்ந்துட்டார். தூக்கிக்கிட்டு இறங்கினோம். ஆண்டவன் புண்ணியம், பிழைச்சார்.

ஆஸ்பத்திரியிலே கேட்டேன், ‘ஏண்ணே, முன்னாடியே சொல்லக்கூடாதா?’

‘இது இன்க்ரிமென்ட் மாசம்மா. முடியாதுன்னு சொன்னா, இவனுக்கு வயசாயிடுச்சுன்னு முடிவு கட்டிடுவாங்க. பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருஷப் படிப்பு இருக்கே’ன்னார். (அரங்கில் அமைதி)

ஐயா, அத்தனை பேர் ஒற்றுமைக்காகப் போன பயணத்திலே அவர் ஒருத்தர் மட்டும் தனியா இருந்திருக்கார்!

திருவாரூர்த் தேரைப் பார்த்திருப்பீங்க. வடம் பிடிக்க ஊரே நிக்கும். ஆனா அந்தத் தேர் வீதி முனையிலே திரும்பணும்னா, நிக்கணும்னா, சக்கரத்துக்கு அடியிலே ஒருத்தர் கட்டை போடணும். ஆபீசிலே ‘வேண்டாம் சார்’னு சொல்றவனை ‘முட்டுக்கட்டை போடுறான்’னு திட்டுறோம். முட்டுக்கட்டை இல்லாத தேர் எங்கே போய் நிக்கும்? எதிர்வீட்டுத் திண்ணையிலே! (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

அதனாலே, கமிட்டிக்காரங்களே, இடத்தை முடிவு பண்றதுக்கு முன்னாலே ‘யாருக்கு முடியாது?’ன்னு கேளுங்க. சபையிலே கேட்காதீங்க; தனியாக் கேளுங்க. காரணம் கேட்காதீங்க. அந்தப் பதில் மேலதிகாரி காதுக்குப் போகக்கூடாது. ஏற முடியாதவருக்கும் ஒரு முக்கியமான வேலை வேணும். வழி பார்க்கிறது, நேரம் பார்க்கிறது, முதலுதவிப் பெட்டியை வெச்சிருக்கிறது எல்லாமே வேலைதான். பாறை ஏறுறவன் உயிரே கீழே கயிறு பிடிக்கிறவர் கையிலேதான் இருக்கு!

காலமும் பார்க்கணும். 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போனவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. 20க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த ஆண்டே தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024இல் வனத்துறை 40 பாதைகளை அறிவித்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தது. முதல் தடவை போறவங்க எளிதிலே ஆரம்பிக்கிறதுலே என்ன கௌரவக் குறைச்சல்?

இன்னொண்ணு. தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். ஆபீஸ் ஒற்றுமைக்காக வீட்டு ஒற்றுமை கெட்டுடும்! (சிரிப்பு)

அந்த அண்ணன் இப்பவும் எங்களோடதான் இருக்கார். போன தடவை ஏரிக்கரையிலே நாலு கிலோமீட்டர் நடை. வழி சொன்னவர் அவர்தான். கடைசியா நடந்தவரும் அவர்தான். அவர் வந்து சேர்ந்த பிறகுதான் நாங்க சாப்பாட்டு மூட்டையையே பிரிச்சோம்.

எதிரணி நண்பர்களே, விருந்தை நாங்க வேண்டாம்னு சொல்லலே. சேர்ந்து நடந்துட்டு வந்து சாப்பிடுவோம்னுதான் சொல்றோம். ஆகவே, ஒற்றுமையை வளர்ப்பது மலையும் காடுமே! (கைதட்டல்)