பிரக்ஞை தடுமாறியவரைக் கவனிக்கும் முறை
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வயலில் நின்ற ஒருவர் திடீரெனப் பிதற்றினால், குடித்திருக்கிறார் என்று நகைப்பதும், பேய் பிடித்ததென்று வேப்பிலை தேடுவதும் நம்மிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. குடித்தவருக்கும் இரத்தத்தில் சர்க்கரை தாழ்வதுண்டு என்பதை நகைப்போர் அறியார்.

ஆதலின், முதலில் அவர் நீரிழிவுக்காரரா என்று விசாரியுங்கள். இன்ஸுலினோ மாத்திரையோ கொண்டபின் உணவு தவறினால் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழிறங்கி, வியர்வையும் நடுக்கமும் பிதற்றலும் தோன்றும். விழுங்கக் கூடியவராயின் சர்க்கரை நீர் கொடுக்கலாம். நினைவற்றவர் வாயில் எதையும் ஊற்றலாகாது, அது சுவாசப்பையில் இறங்கிவிடும்.

பூச்சிமருந்து தெளித்தவராயின், கண்மணி குண்டூசித் தலைபோற் சுருங்கி, வாய்நீர் ஒழுகுகிறதா என்று நோக்குங்கள். அந்நஞ்சு தோல் வழியாகவும் உட்புகும். உடையைக் களைந்து சோப்பிட்டுக் கழுவுக. கழுவுவோர் கையுறை அணிதல் அவசியம். மருந்துப் புட்டியும் வைத்தியரிடம் செல்லவேண்டும்.

கடும் வெயிலில் உடல் அனலாய்க் கொதித்தால் நிழலிற் கிடத்தி, மேனியில் நீர் தெளித்து விசிறுக.

வாய் கோணி, ஒரு கை தளர்ந்து, சொல் குழறினால் பக்கவாதமென்று கொள்க. மூளைக் குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தவேண்டுமாதலால், அவர் கடைசியாக நலமாயிருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நினைவிழந்தும் மூச்சு ஓடுபவரை ஒருக்களித்துக் கிடத்தி, 108-க்குச் சொல்லியனுப்புக. அவர் உண்ணும் மாத்திரைகளை அறிந்தவரே வண்டியில் உடன் ஏறவேண்டும். பணம் கொணர்பவர் பின்னால் வரலாம்.