நெற்றியில் விழுந்த முடி



1960-ல் 'லவ் இன் சிம்லா' என்ற இந்திப் படம் வந்தது. கதாநாயகி சாதனாவுக்கு அகன்ற நெற்றி. அதை மறைக்க, ஆட்ரி ஹெப்பர்ன் பாணியில் முன்முடியைக் கத்தரிக்கச் சொன்னார் இயக்குநர் ஆர்.கே. நய்யார். அதுதான் நாமெல்லாம் பைத்தியமாக அலைந்த 'சாதனா கட்'!

எனக்கும் ஏறு நெற்றி. உறவுக்காரர்கள் சொல்லிக் காட்டும்போதெல்லாம் கூசிப் போவேன். ஹாஸ்டலில் ஒரு ராத்திரி தோழி கத்தரியை எடுத்தாள். லீவுக்குப் போனால் அம்மா, "என்னடி கோலம் இது!"ன்னு அழுதாங்க. நானோ அன்றுதான் தலைநிமிர்ந்து நடந்தேன்.

சாதனா 2015-ல் மறைந்தார். என் பேத்தி அதே வெட்டோடு வந்து நிற்கிறாள். அவர் பேர்கூட அவளுக்குத் தெரியாது. போகட்டும். குறையென்று சொன்னதையே அழகாக்கிக் காட்டினாரே, அது போதும்.

கத்தரி பிடித்த அந்தக் கை இதோ, முன்வரிசையில்!