ஒரு சொல்லுக்காக ஐந்தாண்டுகள்



இது சொல்லை நம்பி வாழ்வோரின் அவை. ஒரு சொல் மறுக்கப்பட்டால் ஒரு வாழ்வு என்னாகும் என்று திரையில் காட்டிய இசுரேலிய இயக்குநர் ரோனித் எல்கபெட்சைப் பற்றி இங்குப் பேச விழைகிறேன்.

1964இல் பீர்ஷெபா நகரில், மொரோக்கோவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை அஞ்சல் பணியாளர். தாய் சிகையலங்காரத் தொழிலாளி. நடிப்பை எப்பள்ளியிலும் பயிலாமலேயே 1990இல் திரைக்கு வந்தார். ‘காலங்கடந்த திருமணம்’ (2001), ‘இசைக்குழுவின் வருகை’ (2007) ஆகிய படங்கள் அவருக்கு இசுரேலின் ஓஃபிர் விருதைப் பெற்றுத்தந்தன.

எனினும், தம்பி சுலோமியுடன் இணைந்து எழுதி இயக்கிய மூன்று படங்களே அவருடைய தலையாய பங்களிப்பு எனலாம். தாயின் வாழ்விலிருந்து தூண்டுதல் பெற்று உருவான விவியான் என்னும் பெண்ணே மூன்றிற்கும் நாயகி. அவளாக நடித்தவரும் ரோனித்தே. 2004, 2008ஆம் ஆண்டுகளில் வந்த படங்கள் இல்லறத்தையும் துக்க வீட்டையும் களமாகக் கொண்டன. 2014இல் வந்த ‘கெட்’ நீதிமன்றத்தினுள் நுழைந்தது.

‘கெட்’ என்பது யூத மணமுறிவு ஆவணம். இசுரேலில் யூதர்களின் மணமுறிவு மதநீதிமன்றங்களின் ஆளுகைக்கு உட்பட்டது. கணவன் மனமுவந்து தந்தாலன்றி மனைவிக்கு விடுதலையில்லை. விவியானின் கணவன் அடிப்பவனல்லன், குடிப்பவனுமல்லன். அன்பின்மையை ஒரு காரணமாக ஏற்க அம்மன்றம் தயங்குகிறது. வழக்கு ஐந்தாண்டுகள் நீள்கிறது.

இங்கே இயக்குநரின் கலைத்திறம் நோக்கத்தக்கது. கதை மன்றத்தையும் அதன் நடைக்கூடத்தையும் விட்டு அகல்வதில்லை. அவளுடைய வீடு நமக்குக் காட்டப்படுவதேயில்லை; வாக்குமூலங்களால் மட்டுமே அதனை அறிகிறோம். ஒருமுறை அவள் தன் கூந்தலை அவிழ்த்துவிட, நீதிபதி கண்டிக்கிறார். அச்சிறு செயலில் ஒரு பெரும் அடக்குமுறை வெளிப்பட்டுவிடுகிறது. ஆவணம் தயாரான பின்னும் கணவனின் நா எழவில்லை. இனி வேறெவர்க்கும் உரியவளாகேன் என்று அவள் வாக்களித்த பின்னரே விடுதலை கிட்டுகிறது. இதனை வெற்றி என்று எவ்வாறு சொல்வது?

2015இல் மதநீதிபதிகளின் மாநாட்டிலேயே இப்படம் திரையிடப்பெற்றது. தீர்ப்புரைப்போரைத் தம்மைத் தாமே காணச் செய்தது கலை. மறு ஆண்டே, தம் 51ஆம் வயதில், ரோனித் புற்றுநோயால் மறைந்தார்.

கவிஞர்களே, முழக்கமின்றி, ஓர் அறையையும் ஒரு முகத்தையும் கொண்டே அறத்தை வினவிய கலை அவருடையது. நம் எழுத்திலும் அத்தகைய வினாக்கள் பெருகட்டும்.