விதை யாருக்குச் சொந்தம்?

(கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



பஞ்சம் வந்துற்ற காலத்தும் விதைநெல்லில் கைவைக்கலாகாது என்று நமக்குக் கற்பித்தவர்கள் நம் முன்னோர். அடகு வைத்த நகை மீளாது போகலாம். வட்டி குட்டி போடலாம். ஆயினும் விதைநெல் மூட்டை மட்டும் அவிழாது கிடந்தால், அடுத்த போகத்துக்கு நாம் எவர் வாயிலிலும் நிற்க வேண்டியதில்லை. கமக்காரனின் சுதந்திரம் அந்த மூட்டைக்குள்ளேதான் இருந்து வந்திருக்கிறது.

விளைந்ததில் ஒரு பகுதியை எடுத்து மீண்டும் விதைப்பது பிறன் உரிமையை மீறும் செயல் என்று எவரேனும் கூறினால் நாம் நகைப்போம். ஆனால், நகைப்புக்கு இடமில்லை. உலகின் மிகப் பெரிய விவசாய நாடுகளுள் ஒன்றின் அதியுயர் நீதிமன்றமே அவ்வாறு தீர்ப்பளித்துள்ளது.

ஓர் உழவனும் ஒரு கொம்பனியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1970ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பயிரினப் பாதுகாப்புச் சட்டம், விதையைச் சேமித்துத் தன் நிலத்தில் விதைக்கும் உரிமையை உழவனுக்கு விட்டு வைத்திருந்தது. 1980இல், மனிதன் மாற்றியமைத்த நுண்ணுயிருக்குக் காப்புரிமை வழங்கலாம் என அந்நாட்டு அதியுயர் நீதிமன்றம் தீர்த்தது. 2001இல் அதே நீதிமன்றம் விதைக்கும் பயிருக்கும் காப்புரிமை செல்லும் என்றது. காப்புரிமைச் சட்டத்திலோ உழவனுக்கென்று எவ்வித விதிவிலக்கும் இல்லை. முன்வாசலில் அளித்த உரிமை பின்வாசலால் பறிபோயிற்று.

விளைவு யாது? இந்தியானா மாநிலத்து உழவர் வேர்னன் பௌமன், தானியக் களஞ்சியத்தில் பணம் கொடுத்துச் சோயா அவரை வாங்கி, அதனை இரண்டாம் போகத்துக்கு விதைத்தார். களைநாசினி தெளித்தும் மடியாத செடிகளின் வித்தை எடுத்துச் சேமித்து, ஆண்டுதோறும் விதைத்து வந்தார். அந்த வித்தில் இருந்த பண்பு தமது காப்புரிமைக்கு உட்பட்டதென்று மொன்சான்ரோ கொம்பனி வழக்குத் தொடுத்தது. 2013ஆம் ஆண்டு ஒன்பது நீதியரசர்களும் ஒருமுகமாகக் கொம்பனியின் பக்கம் நின்றனர். உழவர் மீது 84,456 டொலர் இழப்பீட்டுத் தீர்ப்பு நிலைத்தது. அவர் விதையைக் காசு கொடுத்தே வாங்கினார். நிலமும் உழைப்பும் அவருடையவை. ஆனால், முளைத்த வித்து அவருடையதல்லவாம்!

செலவுக் கணக்கு இங்கேதான் மாறுகிறது. ஒருமுறை வாங்கிப் பலமுறை விதைத்த பொருள், போகத்துக்குப் போகம் வாங்க வேண்டிய பொருளாகிறது. உழவனுக்கு வேறு வழியில்லை என்று தெரிந்தபின் விலையை நிர்ணயிப்பவன் விற்பவனே.

பருத்தி புகட்டிய பாடம்

கடல் கடந்து வெகுதூரம் செல்ல வேண்டாம். அயலில் உள்ள இந்தியாவைப் பார்ப்போம். 2002இல் பீ.டி. பருத்தி அங்கே அனுமதிக்கப்பட்டது. காய்ப்புழுவுக்கு எதிராக அது தொடக்கத்தில் பயன் தந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், 450 கிராம் கொண்ட ஒரு பொதி 1,600 ரூபாவுக்கும் அதற்கு மேலும் விற்கப்பட்டது. அதில் 1,250 ரூபா கொம்பனியின் தொழில்நுட்ப உரிமைப் பணம்! எஞ்சிய சொற்பமே உண்மையில் விதைக்குரிய விலை. போதாக்குறைக்கு, அது கலப்பின விதையாக விற்கப்பட்டது. கலப்பினத்தின் வித்தைச் சேமித்து விதைத்தால் விளைச்சல் குன்றும். சட்டம் செய்யும் வேலையை அங்கே இயற்கையே செய்தது.

2006இல் ஆந்திர அரசு இந்தக் கொள்ளை விலையை எதிர்த்து ஏகபோக வர்த்தகத் தடுப்பு ஆணைக்குழுவின் முன் சென்றது. பொதியின் விலை 750 ரூபாவாக இறங்கியது. 2016இல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் 800 ரூபா உச்சவிலை விதித்து, உரிமைப் பணத்தை 49 ரூபாவாக்கியது. 2018இல் அது 39 ஆயிற்று, 2019இல் 20 ஆயிற்று, 2020இல் பூச்சியமாயிற்று.

அன்பர்களே, இந்த எண்களை நெஞ்சில் நிறுத்துங்கள். 1,250 ரூபா தவிர்க்க முடியாத விலை என்றால், அது பூச்சியம் வரை எவ்வாறு இறங்கியது? அரசு தலையிட்டதால் இறங்கியது. விதையின் விலையை விஞ்ஞானம் மட்டும் நிர்ணயிப்பதில்லை, அதிகாரம் நிர்ணயிக்கிறது.

குஜராத்தில் நிகழ்ந்தது

2019இல் பெப்சிக்கோ கொம்பனி, தான் பதிவு செய்த உருளைக்கிழங்கு இனத்தைப் பயிரிட்டதாகக் குஜராத் உழவர் மீது வழக்குத் தொடுத்தது. சிறு உழவர் நால்வரில் ஒவ்வொருவரிடமும் ஒரு கோடி ரூபாவுக்கு மேல் கேட்டது! ஆனால், இந்தியாவின் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தில், கொம்பனியின் பெயர் பொறித்த விதையாக விற்காத வரை, விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் உழவனுக்கு உரிமையுண்டு என்று 39ஆம் பிரிவு கூறுகிறது. நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. சில வாரங்களில் கொம்பனி வழக்குகளை மீளப் பெற்றது.

2021இல் இரத்தான அந்த இனத்தின் பதிவு, 2024இல் தில்லி மேல் நீதிமன்றத் தீர்ப்பினால் மீண்டும் உயிர் பெற்றது என்பதையும் மறவாதிருப்போம். போராடிப் பெற்ற உரிமையைக் காவல் செய்யாவிடில் அது நிலைக்காது.

நாம் செய்ய வேண்டியது

ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டாமா என்று கேட்போர் உளர். வேண்டும். ஆனால், காட்டுப்புல்லை நெல்லாக்கிய எண்ணற்ற தலைமுறைகளுக்கு எவர் உரிமைப் பணம் கொடுத்தார்? அவர்கள் கட்டிய மாளிகையின் மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு, மாளிகை முழுவதும் எனதே என்பது நீதியாகுமா? பொதுப் பணத்தால் ஆராய்ச்சி நடக்க முடியும் என்பதற்குச் சான்று நம் வயல்களிலேயே உண்டு. பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த பி.ஜி. நெல்லினங்களை விதைக்கிறோம், அந்த வித்தைச் சேமிக்கிறோம், அயலவருக்கும் கொடுக்கிறோம். எவரும் நம்மீது வழக்கிடவில்லை.

1995 முதல் உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடாக உள்ள இலங்கை, அதன் புலமைச்சொத்து உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டது. தாவரங்களுக்குக் காப்புரிமை வழங்காதிருக்க அவ்வுடன்படிக்கை இடமளிக்கிறது. புதிய பயிரினங்களைத் தக்கதொரு தனிச் சட்டத்தால் பாதுகாக்கலாம் என்கிறது. அந்தச் சட்டத்தை எழுதும் பேனா யார் கையில் இருக்கும் என்பதே வினா.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. பயிரினங்களைப் பற்றி எந்தச் சட்டம் வந்தாலும், விதையைச் சேமித்துப் பரிமாறும் உரிமை அதில் ஐயத்துக்கிடமின்றி எழுதப்பட வேண்டும். விதைக்கு உச்சவிலை விதிக்கும் அதிகாரம் அரசிடம் இருக்க வேண்டும். பொது ஆராய்ச்சி நிலையங்கள் பணமின்றி வாடவிடப்படலாகாது.

விதையை இழந்தவன் தன் நிலத்திலேயே குத்தகைக்காரன் ஆகிறான். சட்டம் வந்தபின் அழுவதிலும் பார்க்க, அது வருமுன் விழித்திருப்பதே அறிவுடைமை.